ஏழாம் மாத விருந்தாளி

தைவானில் இருக்கிற தைனானுக்குப் போக வேண்டியவர் என் மேனேஜர் வாஞ்சிநாதன். அவருக்கு மனைவி, பிள்ளைகள், சனிக்கிழமை சாக்கர் என்று காரணங்கள் இருந்தன. எனக்கு ஒன்றும் கிடையாது என்பது டெக்சாஸில் எங்கள் ரவுண்ட் ராக் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். "வசந்தாமணி, நீ சிங்கிள்தானே. போயிட்டு வந்துடேன், ஊர் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார். சிங்கிள் என்றால் களைப்பே வராது என்று ஒரு நினைப்பு.

2006 ஜூலைக் கடைசியில் போனேன். லேப்டாப் திரையில் வந்துகொண்டிருந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று வாரம். முதல் இரண்டு வாரம் தைவானையே பார்க்கவில்லை. பாக்டரியில் தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்புக்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்றேன், ஹோட்டலில் விழுந்து தூங்கினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே என்னோடு வேலை செய்த ஷுஃபென் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். என் வயதுதான், இருபத்தேழு. அவளுடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலப் புத்தகத்திலிருந்து வந்தது. அதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போனது.

அவள் ஊரைக் காட்டினாள். விடிந்ததும் விடியாததுமாக மாட்டுக்கறி சூப் கடையில் வரிசையில் நின்றோம். பச்சைக் கறியை மெல்லிசாகச் சீவிக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற சாறை மேலே ஊற்றித் தருகிறார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டு ஷ்யாமளாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் குடித்தேன். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சத்தைப் பார்த்தோம். முதுகில் கல்வெட்டைச் சுமந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த கல் ஆமைகளைப் பார்த்தோம். ஒரு பழைய கிடங்கை ஆலமரம் முழுசாக விழுங்கியிருந்தது. சுவர் எது, வேர் எது என்று தெரியவில்லை. செத்தவர்களை விசாரிக்கிற சாமியின் கோயில் ஒன்று. உள்ளே உயரத்தில் பெரிய பலகை, அதில் மூன்று எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"நீ வந்துவிட்டாய்" என்று படித்துச் சொன்னாள் ஷுஃபென்.

வெயில் ஏறிவிட்டது. கால் வலித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளுடைய அத்தை வீட்டுக்குப் போனோம்.

இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வர முடியாத சந்து. முகப்பு ஏழடிதான் இருக்கும். உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிற நூறு வருஷத்து வீடு. முழங்கால் உயரத்துக்கு ஒரு மர வாசற்படி. அதை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துத் தாண்ட வேண்டும் என்றாள் ஷுஃபென். ஊதுவத்திப் புகை, பழைய மரம், எங்கோ காயாத துணி. மூன்றும் கலந்த வாடை அடித்தது.

வாசலுக்கு வெளியே, சந்திலேயே, ஒரு நீள மேஜையில் விருந்து விரித்திருந்தார்கள். முழுக் கோழி, மீன், பழம், சோறு, பிஸ்கட் பாக்கெட், பீர் கேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஊதுவத்தி குத்தியிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு பேசின் நிறையத் தண்ணீர், பிரிக்காத மடிப்போடு புதுத் துண்டு. சீனப் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாசம் எல்லா வீட்டிலும் இப்படி வைப்பார்கள், வழக்கம், என்று மட்டும் ஷுஃபென் சொன்னாள். அன்னதானம் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்த ஏழெட்டுப் பேரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து வாசல் தெரிந்தது.

பேசினுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, உள்ளே நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் அம்மா களை எடுத்தாள். அந்த வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் பின்பக்கம் நிற்போம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு எங்களுக்கு வரும். எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் காலேஜுக்குப் போன ஆள் நான். போனதற்கு முக்கியக் காரணம் அந்தப் பின்பக்கம்தான். கோட்டையும் கோயிலும் இருக்கிற ஊரில், விமானம் ஏறி வந்தும், அதே காட்சியா?

யாரையும் கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சோறும் மீனும் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு என் காலுக்குக் கீழே இருந்த வாசற்படியைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. உக்காந்து சாப்பிடுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். எந்தப் பாஷையில் சொன்னால் என்ன, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது புரியாதா? மணிக்கட்டைப் பிடித்தேன். குளிர்ச்சியாக, ஊறிப்போன மாதிரி இருந்தது. பேசின் தண்ணீரில் கை கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். காலை உயரத் தூக்கிப் படியைத் தாண்டி வந்தாள். என் நாற்காலியில் உட்கார வைத்து, கிண்ணத்தை முன்னால் வைத்தேன். நம் ஆட்கள் யாரிடமும் வாய்ச்சொல்லாகச் சும்மா சொல்வார்களே, அதையும் சொன்னேன்.

"நான் டெக்சாஸ்ல இருக்கேன். எங்க வீட்டுக்கும் ஒரு நாள் கட்டாயம் வரணும்."

தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது நாற்காலி காலி. உட்காரும் பலகை மட்டும் ஈரமாக இருந்தது.

யாரிடம் பேசினாய் என்று ஷுஃபென் கேட்டாள். வெளியே நின்ற வேலைக்கார அம்மாவிடம் என்றேன். அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றாள். அத்தைக்காரி எழுந்து வந்து நான் வைத்த கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். உடனே உள்ளங்கையில் துப்பினாள். என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, வயசானவள், ஏதோ நம்பிக்கை, என்று சொல்லி ஷுஃபென் என்னை அவசரமாக ஸ்கூட்டரில் ஏற்றினாள்.

ரவுண்ட் ராக் திரும்பிய அன்று சாயங்காலம் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்தேன். உப்பு இல்லை. இன்னும் போட்டேன். அப்போதும் இல்லை. பயணத்தில் சளி பிடித்திருக்கும் என்று ஊறுகாயை எடுத்து நக்கினேன்.

நனைந்த காகிதம்.

மறுநாளும் அப்படித்தான். ஆபீஸ் கேன்டீனில், ஆஸ்டினில் சரவெடியாகக் காரம் போடும் அந்த ஆந்திரா ஹோட்டலில், எங்கே உட்கார்ந்தாலும் சுடச்சுட வந்த தட்டு நான் கை வைக்கும்போது ஆறிப்போயிருந்தது. வாசனைகூட இருக்காது. மென்று விழுங்குவது ஒரு வேலையாகிவிட்டது. பத்து நாளில் அந்த வேலையையும் விட்டேன்.

என் வீட்டில் கராஜ் சேலில் வாங்கிய ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் துணி கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் துணியெல்லாம் மடித்து சோபாவில் இருந்தது. நாற்காலி ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பின்னால் இழுத்திருந்தது. நான் மடித்திருப்பேன், மறந்திருப்பேன். உள்ளே தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஊதுவத்தி வாடை.

காயாத துணி.

தலை நிமிராமல் கண்ணை மட்டும் உயர்த்தினேன். எதிரே யாரும் இல்லை. அதற்கும் பின்னால் மைக்ரோவேவின் கறுப்புக் கண்ணாடியில் என் மேஜை தெரிந்தது. நான் தெரிந்தேன். எனக்கு எதிரே, முதுகு காட்டிக்கொண்டு, சாம்பல் நிறச் சட்டையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள்.

ஜன்னலில் டெக்சாஸ் வெயில் பளபளவென்று அடித்துக்கொண்டிருந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை. கீழே யாரோ கார் கதவைச் சாத்தினார்கள். என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. என் தட்டிலிருந்து வந்த ஆவி நின்றது. சோறு என் கண் முன்னாலேயே வெளுத்து, பழையதாகி, ஓரம் காய்ந்தது. அவள் என்னை எதுவும் செய்யவில்லை. விருந்தாளி முதலில் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். வரச் சொன்னது நான்.

செப்டம்பர் முதல் வாரம் முடிவதற்குள் ஐம்பத்துநான்கு கிலோ நாற்பத்தைந்தாகிவிட்டது. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு ஸ்ட்ரெஸ் என்றார். ஒரு மீட்டிங்கில் நின்ற இடத்தில் விழுந்தேன். வாஞ்சிநாதன் கதவைச் சாத்திவிட்டு, வேண்டுமானால் நீண்ட லீவு எடுத்து ஊருக்குப் போயேன் என்று கனிவாகப் பேசினார். வேலை போனால் விசா போகும். நான் போய் நிற்கும் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கனிவு அப்படியேதான் இருக்கும்.

கீழ்வீட்டு ஷ்யாமளாதான் விடாமல் மேலே ஏறி வந்தாள். "என்னடி, டயட்டா? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. ஊர் கண்ணு பட்டிருக்கு" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒரு பிடி மிளகாய் கருகிக் கரியாகப் போனது. ஸ்மோக் அலாரம் கத்தியது. அவள் கணவர் பிச்சுமணி ஓடி வந்து எதிர் நாற்காலி மேல் ஏறி நியூஸ்பேப்பரால் விசிறினார். அறை முழுக்கப் புகை. மூன்று பேரில் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. மூக்கில் ஏறவில்லை.

"பாத்தியா, நெடியே இல்ல. அவ்ளோ திருஷ்டி" என்றாள் ஷ்யாமளா. ஆனால் குரல் இறங்கியிருந்தது. பிச்சுமணி ஏறி நின்ற நாற்காலியை விட்டு இறங்கினார். காலுறை நனைந்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு ஷ்யாமளா சாப்பாட்டு டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போன் செய்தாள். உள்ளே வரவில்லை.

செப்டம்பர் பாதியில் ஷுஃபெனைக் கூப்பிட்டேன். வேலை விஷயம் பேசுவது மாதிரிதான் தொடங்கினேன். அவள் நடுவில் குறுக்கிட்டாள்.

"அத்தை தினமும் கேட்கிறாள். உன் தோழி அன்றைக்கு யாரை உள்ளே அழைத்துவந்தாள் என்று."

"அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ எஞ்சினியர். நானும் எஞ்சினியர். வெட்கமாக இருந்தது."

பிறகு சொன்னாள். ஏழாம் மாதம் செத்தவர்கள் உலகத்தின் கதவு திறக்கும். போக வீடில்லாதவர்கள், சோறு வைக்கப் பிள்ளையில்லாதவர்கள் தெருவுக்கு வருவார்கள். அவர்களுக்குத்தான் அந்த மேஜை, பேசின், துண்டு. மரியாதையாகக் கை கழுவி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும். வெளியே வைப்பதே உள்ளே வராமல் இருக்கத்தான். அந்தச் சந்தில் எத்தனை வருஷமாக நிற்கிறாளோ, யாரும் அவளிடம் வா என்று சொன்னதில்லை.

"நீ சொல்லிவிட்டாய்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் களைத்திருந்தாள்.

வழி உண்டா என்று கேட்டேன். அத்தையிடம் கேட்டு எழுதிவைத்திருந்தாள். முழுச் சாப்பாடு சமைத்து, வாசலுக்கு வெளியே வை. பேசினும் துண்டும் வை, ஒரு வத்தி ஏற்று. விருந்து முடிந்தது, போ என்று வாயால் சொல். கதவைச் சாத்து. வத்தி எரிந்து முடியும்வரை திறக்காதே, பார்க்காதே. இந்த வருஷம் அவர்கள் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம் இரண்டு முறை வருகிறது, அது என் அதிர்ஷ்டம். இரண்டாவதும் வருகிற வியாழக்கிழமை நள்ளிரவோடு முடிகிறது. அந்தக் கதவு அடைபட்டுவிட்டால் அவளை அனுப்ப அடுத்த வருஷம்தான். அதுவரை நான் இருக்க மாட்டேன் என்பதை அவள் சொல்லவில்லை. தைனான் நள்ளிரவு எங்களுக்கு வியாழன் காலை பதினொன்று.

நம் ஊரில் வந்தவரைப் போ என்று சொல்வதில்லை. போயிட்டு வாங்க என்பதுதான் வாயில் வரும். மூன்று நாள் குளியலறையில் நின்று பழகினேன். போங்க. போங்க. பெரிய வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு சுலபமாக வரும் அந்தச் சொல்!

வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலை என்று மெயில் போட்டேன். மீன் குழம்பு, பொரியல், முட்டை, சோறு. எவர்சில்வர் தட்டில் குவித்துப் போட்டேன். பத்தரைக்குக் கதவைத் திறந்து, வெளியே சிமெண்ட் தளத்தில் தட்டு, பேசின், துண்டு, எரிகிற ஊதுவத்தி ஒன்று வைத்தேன். கீழே பார்க்கிங்கில் ஒருவன் இலை ஊதும் மெஷினைப் போட்டுக்கொண்டு நடந்தான். மற்றபடி வியாழக்கிழமை காலை, ஒருவரும் இல்லை.

உள்ளே திரும்பிச் சொன்னேன். "சாப்பாடு வெளிய வச்சிருக்கேன்."

நாற்காலி தரையில் உராய்ந்தது.

என் முழங்கைக்குப் பக்கத்தில் குளிர் கடந்துபோனது. வாசலில் ஒரு நொடி எல்லாம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு வெயிலில் அவளைப் பார்த்தேன். முதல்முறையாக நேராக, முகத்தை. சாதாரண முகம். சிரித்தாள். வழியனுப்ப வந்தவரைப் பார்த்து விருந்தாளி சிரிப்பாளே, அப்படி. நான் ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறேன் என்று நின்றாள்.

"போங்க. இனிமே வராதீங்க."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டாள்.

கதவைச் சாத்தினேன். பூட்டினேன். சங்கிலி போட்டேன்.

பார்க்காதே என்றிருந்தாள் ஷுஃபென். கதவின் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தட்டைத் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டவும் இல்லை. தட்டியிருந்தால் கோபம் வந்திருக்கும். கோபம் வந்துவிட்டால் எனக்கு எதுவும் சுலபம். அவள் சும்மா நின்றாள்.

பத்து ஐம்பத்தெட்டு. தாழ்ப்பாள் மேல் என் கை இருந்தது. நானே வைத்தேனா என்று தெரியவில்லை. எடுத்தேன். தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நாற்பத்தொரு கிலோ. என் எலும்பு என் கையில் குத்தியது.

பதினொன்று.

இலை மெஷின் சத்தம் நின்றது.

பதினொன்றே காலுக்குத் திறந்தேன். யாரும் இல்லை. வத்தி சாம்பலாகியிருந்தது. பேசின் தண்ணீர் கலங்கியிருந்தது. துண்டு நனைந்து, பிழிந்து, நான்காக மடித்திருந்தது. தட்டைக் காணோம்.

உள்ளே வந்து கதவைப் பூட்டிவிட்டு, சட்டியோடு எடுத்து ஒரு வாய் போட்டேன். புளி நாக்கைச் சுண்டியது. காரம். உப்பு கொஞ்சம் தூக்கல். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே அழுதுகொண்டு சாப்பிட்டேன். ஐந்து வாரம் கழித்துச் சோறு சோறாக இருந்தது. கை கழுவ சிங்க்குக்குத் திரும்பினேன்.

பாத்திரம் வடியும் கூடையில் அந்தத் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கதவு பூட்டியே இருந்தது.

இப்போது டிசம்பர். ஐம்பத்தொரு கிலோ வந்துவிட்டேன். ஷ்யாமளா மிளகாய்க்குப் பலன் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்கிறாள். எதிர் நாற்காலி அசைவதில்லை. அவள் உட்காருவதில்லை. நான் சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால், கிச்சன் சுவரோரம், ஈரத்துணி வாடை மட்டும் நிற்கிறது. நான் எழுந்திருக்கும்வரை நிற்கிறது. ருசியில் அவள் கை வைப்பதே இல்லை. என்னிடம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சட்டியில் இரண்டு கரண்டி சோறு விட்டுவிட்டு அறைக்குப் போய்விடுகிறேன். காலையில் சட்டி கழுவியிருக்கும். தட்டு கவிழ்ந்திருக்கும். இப்படியே பழகிவிட்டது. இரண்டு பேருக்கும்.

நேற்று வேலையிலிருந்து செத்துப்போய் வந்தேன். பசி. யோசிக்காமல் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டேன். அவளுக்கு ஒரு பருக்கைகூட விடவில்லை.

இன்று காலை தட்டு கூடையில் இல்லை. மேஜையில், நான் உட்காரும் இடத்தில், நிமிர்ந்திருந்தது. துடைத்து, காலியாக.